பத்துச் சதத்தில் ஒரு ஊர்
(புத்தாண்டு விழாவில் ஆற்றிய உரை)



உங்கட கையில இருக்கிற பத்துச் சதக் குற்றியைத் திருப்பிப் பாருங்கோ. அதிலுள்ள பாய்க்கப்பலின் பெயர் புளூநோஸ். 1921இல் நோவா ஸ்கோஷியாவின் லூனன்பேர்க்கில் கட்டப்பட்டது.

அந்தச் சிறிய பட்டினம் 1753இல் உருவானது. பிரித்தானியர் காணி தருவதாகச் சொல்லிக் கப்பலேற்றி வந்தவர்கள், பெரும்பாலும் ஜேர்மன் உழவர்கள். அது மிக்மாக் மக்களின் மண் என்பதையும் நாங்கள் மறக்கக்கூடாது. கடலறியாத அந்த உழவர்களின் சந்ததி மீன்பிடியிலும் கப்பல் கட்டுவதிலும் பேரெடுத்தது. மேட்டுச் சரிவில் நேர்நேரான தெருக்கள். சிவப்பு, மஞ்சள், நீல நிற மரவீடுகள். 1995இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமையாக ஏற்றது.

வீடுகள் நிலைத்தன. ஆனால் ஜேர்மன் பாஷை வீட்டைவிட்டுப் போய்விட்டது. குடும்பப் பெயர்களும் புளிக்கவைத்த கோவாவும்தான் மிச்சம்.

எங்கட ஆக்கள் 155 பேரும் 1986 ஜூலையில் ஜேர்மனியிலிருந்துதான் கப்பலேறினார்கள். நியூபவுண்லாந்துக் கடலில் இரண்டு படகுகளில் தத்தளித்தவர்களை மீனவர்கள் காப்பாற்றினார்கள். பலர் மொன்றியலுக்கு வந்தார்கள். அவர்களைப்போல நாங்களும் இங்க வீடும் கோயிலும் கட்டிவிட்டோம்.

பெற்றோரே, பிள்ளையளோட வீட்டில தமிழில கதையுங்கோ. இல்லாட்டி எங்களுக்கும் பெயரும் தோசையும்தான் மிஞ்சும்.

அனைவருக்கும் புத்தாண்டு வாழ்த்துக்கள்.