வேணும், வேணாம்



நான் பேசுவது உங்கள் காதில் விழுகிறது. நீங்கள் அங்கே இருந்து "என்ன சொன்னீங்க?" என்று கேட்டால் எனக்குக் கேட்காது. ஒலிபரப்பு ஒருவழிப் பாதை. நான் சொல்ல வந்திருப்பதோ இருவழிப் பாதையாக இருக்கும் வானொலியைப் பற்றி. ஹாம் ரேடியோ என்று பொதுவில் சொல்வார்கள். அரசாங்கக் காகிதத்தில் அதற்கு அமெச்சூர் சேவை என்று பெயர். அதில் ஒருவர் பேசி முடித்துப் பட்டனை விட்டால்தான் மற்றவர் பேச முடியும். முறை வைத்துப் பேசுவதும், முறை வரும்வரை காது கொடுத்துக் கேட்பதும்தான் அந்தக் கலை.

எனக்கு இதில் ஈடுபாடு வந்ததற்குக் காரணம் ஓர் இரவு. 2005 ஜூலை 26. மும்பைக்காரர்களுக்குத் தேதியைச் சொன்னாலே போதும். சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை. அதே நாளில் தெற்கே கொலாபாவில் 73 மில்லிமீட்டர். ஊர் ஒன்று, வானம் இரண்டு. கோட்டைப் பக்கம் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த பலருக்குக் குர்லாவில் கழுத்தளவு தண்ணீர் என்பதே சாயங்காலம் வரை தெரியாது. லோக்கல் ரயில் நின்றது. மித்தி ஆறு கரை மீறியது. கொஞ்ச நேரத்தில் செல்போன்களும் வாயை மூடிக்கொண்டன.

என் தங்கை அன்று மாட்டுங்காவில் வேலைக்குப் போயிருந்தாள். நாங்கள் செம்பூரில். நடுவே ஆறேழு கிலோமீட்டர்தான், சயான் வழியாக வந்தால் சாதாரண நாளில் அரைமணி. அந்த ராத்திரி முழுக்க அம்மா வாசல் கதவைச் சாத்த விடவில்லை. மறுநாள் மத்தியானம் இடுப்புவரை சேறு ஒட்டிய சேலையோடு தங்கை நடந்து வந்தாள். மாட்டுங்காவில் யாரோ ஒரு குடும்பம் அவளை உள்ளே கூப்பிட்டு, ரசம் சாதம் போட்டு, படுக்க இடமும் கொடுத்திருக்கிறது. அவள் பத்திரமாகத்தான் இருந்தாள். "இங்கே இருக்கேன்" என்ற இரண்டு வார்த்தை வந்து சேர வழியில்லாமல் போனது. அந்த மழையில் மகாராஷ்டிரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். எத்தனை வீட்டில் அந்த இரண்டு வார்த்தைக்காகக் காத்திருந்து, அது வராமலே போனதோ.

பக்கத்துக் கட்டடத்தில் ஒரு மாமா இருந்தார். ஓய்வு பெற்ற எஞ்சினியர். மாடியில் கம்பி கட்டி வைத்திருப்பார், ராத்திரி ஒன்பது மணி ஆனால் அவர் அறையிலிருந்து கரகரவென்று குரல்கள் வரும். வெள்ளத்துக்குப் பிறகு அவரிடம் போய், "மாமா, எனக்கும் இதைப் பேசக் கத்துக்கொடுங்கோ" என்றேன். அவர் ஒரு ரேடியோ செட்டை எடுத்து என் முன் வைத்து, "பேசறதுக்கு அப்புறம் வரலாம். மூணு மாசம் உட்கார்ந்து கேளு" என்றார். கேட்டேன். பரீட்சைக்கும் படித்தேன்.

லைசென்ஸ் கைக்கு வந்த புதிதில் ஒரு பயிற்சி. மாமா அவர் வீட்டு மாடியில். நான் செட்டா நகர் முருகன் கோயில் பக்கம், கையில் ஐந்து வாட் செட். வெள்ளம் வந்ததாகப் பாவனை. நான் அனுப்ப வேண்டிய செய்தி: "மூணாவது மாடிக்கு மருந்து வேணாம், டாக்டர் வந்தாச்சு." அனுப்பினேன். மாமா திருப்பிச் சொன்னார்: "மூணாவது மாடிக்கு மருந்து வேணும். டாக்டர்… மிச்சம் கேட்கல."

தமிழில் 'இல்லை' வாக்கியத்தின் கடைசியில் உட்கார்ந்திருக்கிறது. வேணும், வேணாம். ஏறிடுத்து, ஏறல. வரலாம், வரக்கூடாது. இரைச்சலில் கடைசி அசை தேய்ந்தாலும், பட்டனிலிருந்து விரல் அரை விநாடி முன்னே எழுந்துவிட்டாலும் அர்த்தம் தலைகீழாகிவிடும். வேண்டாத இடத்துக்குப் படகு போகும், வேண்டிய இடத்துக்குப் போகாது. மாமா அன்று கற்றுத் தந்த வழி எளிமையானது. மறுப்பை முதலில் வை. "நெகட்டிவ், நெகட்டிவ். மருந்து வேணாம்." அதைக் கேட்டவர் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவர் "ரோஜர்" என்று ஒப்புக்கொண்ட பிறகே அது செய்தி. அதுவரை அது வெறும் சத்தம்.

எண்களிலும் இதே கதைதான். எழுபதும் எண்பதும் மழை இரைச்சலில் ஒன்றுபோலக் கேட்கும். ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் அப்படியே. அதனால் 'ஏழு, சைபர்' என்று ஒவ்வோர் இலக்கமாகப் பிரித்துச் சொல்வார்கள். பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்ல உலகம் முழுதும் ஒரே சொற்பட்டியல் உண்டு. முருகன் என்ற பெயர் அதில் மைக், யூனிஃபார்ம், ரோமியோ, யூனிஃபார்ம், கால்ஃப், ஆல்ஃபா, நவம்பர். நம் எழில் அதில் எக்கோ, ஜூலு, ஹோட்டல், இந்தியா, லிமா. நம்முடைய ழகரம் காற்றில் ஜூலு ஹோட்டலாகப் பயணம் போகிறது. முதல் தடவை கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நிவாரண முகாம் பட்டியலில் எழில் என்ற பெண்ணை எலில் என்றோ எஜில் என்றோ எழுதிவிட்டால் அவளைத் தேடி வருகிற அண்ணன் அந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டு அடுத்த முகாமுக்குப் போய்விடுவான். ஜூலு ஹோட்டல் அந்த அண்ணனை நிறுத்தும்.

கருவியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிதாக வருகிறவர்கள் கடை வாசலிலிருந்துதான் தொடங்குகிறார்கள். கைக்குள் அடங்குகிற செட்டுக்கு அதிகம் செலவு செய்யாதீர்கள், கம்பிக்குக் கவனம் கொடுங்கள் என்பது என் அபிப்பிராயம். நாம் அதிகம் பேசுகிற 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்குச் சுமார் அரைமீட்டர் நீளமுள்ள பித்தளைக் கம்பி ஒன்று நிமிர்ந்து நிற்க வேண்டும், அதன் அடியில் நான்கு கம்பிகள் சரிந்து இறங்க வேண்டும். தண்ணீர்த் தொட்டிக் குழாயில் கட்டினால் ஆயிற்று ஆன்டெனா. வேலை இருப்பது மழையோடுதான். கேபிள் சேருகிற இடத்தை டேப் சுற்றி, எம்-சீல் வைத்து மூட வேண்டும். ஜன்னல் வழியே உள்ளே வருவதற்கு முன் கேபிளை ஒரு வளைவு தொங்கவிட வேண்டும். தண்ணீர் வழிந்து வந்து அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், அறைக்குள் வராது. அந்த வளைவை விடாமல் நான் ஒரு ஜூலை மாதம் முழுக்கப் பக்கத்துத் தெருவைக்கூட எட்ட முடியாமல் உட்கார்ந்திருந்தேன். கேபிளுக்குள் தண்ணீர் புகுந்து செம்பு பச்சையாகிப்போயிருந்தது. இடி மின்னல் தெரிந்தால் முதல் காரியம் கேபிளைச் செட்டிலிருந்து கழற்றுவது. மும்பையில் ஜூன் தொடக்கத்திலும் மழை விடைபெறுகிற காலத்திலும் அது கட்டாயம்.

144 மெகாஹெர்ட்ஸ் அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில்தான் போகும். டிராம்பே குன்று குறுக்கே நின்றால் நிற்கும், குர்லாவில் புதிதாக எழும்பிய நாற்பது மாடி குறுக்கே வந்தாலும் நிற்கும். அதற்காகத்தான் உயரமான இடத்தில் ரிப்பீட்டர் வைக்கிறார்கள். அது கேட்டதை அப்படியே வாங்கித் திருப்பிச் சொல்லும். ஆனால் ரிப்பீட்டருக்கும் மின்சாரம் வேண்டும், அதன் பேட்டரியும் ஒரு நேரம் தீரும். எனவே மாதம் ஒருமுறை ரிப்பீட்டர் இல்லாமல் நேருக்கு நேர் பேசிப் பார்க்க வேண்டும் என்பது மாமா வைத்த வழக்கம். யாருக்கு யார் குரல் நேரடியாகக் கேட்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பார். கோவண்டிக்குச் செம்பூர் கேட்கும், செம்பூருக்குச் சயான் கேட்கும், கோவண்டிக்குச் சயான் கேட்காது. அப்படியானால் செம்பூர்தான் பாலம். புயல் வந்த பிறகு இதைக் கண்டுபிடிக்க நேரம் இருக்காது. இன்னும் தூரம் வேண்டுமென்றால் 7 மெகாஹெர்ட்ஸ். அதற்கு இருபது மீட்டர் கம்பி வேண்டும். வானத்தில் பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இறங்கும் அலை அது.

சட்டத்துக்கு வருகிறேன். பலர் இதைச் சலிப்போடு பார்க்கிறார்கள், எனக்கு அந்தச் சலிப்பு இல்லை. நம் நாட்டில் அமெச்சூர் சேவைக்கான விதிகள் 1978இல் வந்தன, பிறகு திருத்தப்பட்டன. பன்னிரண்டு வயது நிரம்பிய யாரும் பரீட்சை எழுதலாம். கொஞ்சம் மின்னியல், கொஞ்சம் சட்டம். ஜெனரல் கிரேடுக்கு மோர்ஸ் தந்தியும் தெரிய வேண்டும், நிமிடத்துக்கு எட்டு சொல். தேறினால் வியூ என்று தொடங்கும் அழைப்புக் குறி கிடைக்கும். ராஜீவ் காந்தியும் அப்படி ஒரு குறி வைத்திருந்தவர்தான். காசு வாங்கிச் செய்தி அனுப்பக் கூடாது, வியாபாரம் பேசக் கூடாது, பாட்டுப் போடக் கூடாது, மறைகுறி பேசக் கூடாது. நான் இப்போது செய்துகொண்டிருக்கிற ஒலிபரப்பும் அங்கே கூடாது.

லைசென்ஸ் இல்லாமல் பேச வழியே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. 27 மெகாஹெர்ட்ஸ் பக்கம் சிட்டிசன் பேண்ட் என்ற சிறு பட்டையை ஐந்து வாட் வரை 2005இல் திறந்துவிட்டார்கள். 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையான பட்டையைக் குறைந்த சக்திக்கு 2018இல் விட்டார்கள். குடியிருப்புக் காவலாளிகளுக்கும் மாடிக்கு மாடி பேசுவதற்கும் அது போதும். ஆனால் இணையக் கடையில் மலிவாகக் கிடைக்கிற வாக்கிடாக்கி எல்லாம் அந்தப் பட்டைக்குள் அடங்குவதில்லை. போலீஸும் தீயணைப்பும் பேசுகிற இடத்தில் போய் மோதக்கூடியவை அவற்றில் உண்டு. 2025 மே மாதத்தில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணைய விற்பனைத் தளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பி, இவற்றை விற்பதற்கு வழிமுறைகளும் வகுத்தது. தேவையான நடவடிக்கை. மழை நாளில் அவசரமாக ஒரு செட்டை வாங்கி, எந்தப் பட்டை என்று தெரியாமல் பட்டனை அழுத்துகிறவர் உதவி செய்வதாகத்தான் நினைப்பார். படகுக்காரனின் குரலை அவர் அமுக்கிவிடுவது அவருக்குத் தெரியாது.

ஹாம் பழக்கத்தின் மதிப்பைக் காட்ட எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த நிகழ்ச்சி போர்ட் பிளேரில் நடந்தது. 2004 டிசம்பரில் ஹைதராபாத் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் தன் குழுவோடு அந்தமானுக்குப் போனார். பல வருஷமாக அந்தத் தீவுகளிலிருந்து ஹாம் குரல் கிளம்பவில்லை. அங்கிருந்து பேசினால் உலகம் முழுவதும் உள்ளவர்கள் வரிசையில் நிற்பார்கள். அது ஒரு பொழுதுபோக்கு, நட்புப் போட்டி. டிசம்பர் 26 காலையில் நிலம் ஆடியது, கடல் வந்தது. தீவுக்கும் நாட்டுக்கும் இடையே தொலைபேசி அறுந்தபோது அவர்களுடைய கம்பி ஏற்கெனவே கட்டப்பட்டிருந்தது, கை ஏற்கெனவே பழகியிருந்தது. உறவினர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்ற கேள்விகளும் பதில்களும் அந்த வழியே போய் வந்தன. அதே நாட்களில் இலங்கையில் விக்டர் குணதிலகவும் அவருடைய தோழர்களும் கொழும்புக்கும் அம்பாந்தோட்டைக்கும் இடையே சிற்றலையில் இணைப்பு ஏற்படுத்திக் கொடுத்தார்கள்.

வீண் அரட்டை என்று வீட்டார் சொல்லும் ராத்திரிப் பேச்சைப் பற்றி எனக்கு மரியாதை வந்தது போர்ட் பிளேர் கதையைக் கேட்ட பிறகுதான். சாப்பாட்டையும் மழையையும் பற்றிப் பேசுகிற அந்த அரைமணி நேரத்தில்தான் பேட்டரி தாங்குகிறதா, கேபிள் நனைந்ததா, யாருக்கு யார் கேட்கிறார் என்பதெல்லாம் தினமும் சோதனையாகிறது.

குறையும் உண்டு, சொல்லிவிடுகிறேன். நான் கேட்கிற குரல்கள் பெரும்பாலும் வயதானவை, பெரும்பாலும் ஆண்கள், பெரும்பாலும் ஆங்கிலம் அல்லது ஹிந்தி. செம்பூர் என்றால் ஃபைன் ஆர்ட்ஸ் சபா பக்கத்துக் கட்டடங்கள் மட்டும் இல்லை. 2021 ஜூலை 18 அதிகாலையில் வாஷி நாக்கா பாரத் நகரில் மழையில் சுவர் சரிந்து வீடுகள் மேல் விழுந்ததே, அதுவும் செம்பூர்தான். 1976இல் ஜனதா காலனியிலிருந்து பெயர்த்துக் கொண்டுபோய் வைக்கப்பட்ட தமிழர்கள் வாழும் சீத்தா கேம்ப் பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் நிறைய. பரீட்சைப் பாடத்தைத் தமிழில் சொல்லிக் கொடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பும், ஹவுசிங் சொசைட்டிக் கட்டடங்களின் மாடியில் அரைமீட்டர் கம்பிக்கு அனுமதியும் கிடைத்தால் போதும். சொசைட்டிக் கமிட்டியில் இருக்கிற நேயர்களுக்கு என் வேண்டுகோள் இது. மாடியில் துணி காயப்போடும் கொடியைவிட அந்தக் கம்பி சின்னது. மாநகராட்சியின் 1916 உதவி எண் இருக்கிறதே என்பீர்கள். இருக்கட்டும், அதையே முதலில் அழையுங்கள். அந்த எண்ணை அழைக்கப் போனில் சிக்னல் இல்லாத நேரத்துக்கான ஏற்பாட்டைத்தான் கேட்கிறேன்.

மாமா இப்போது இல்லை. ஒன்பது மணிப் பேச்சை நான் கூட்டி நடத்துகிறேன். ஒவ்வோர் அழைப்புக் குறியாகப் படிப்பேன், ஒவ்வொருவராக "இருக்கேன்" என்பார்கள். போன ஆகஸ்டில் தனியாக வசிக்கிற ஒருவர் கோவண்டியிலிருந்து இரண்டு ராத்திரி பதில் சொல்லவில்லை. போனையும் எடுக்கவில்லை. மழையோடு மழையாக இரண்டு பேர் போய்க் கதவைத் தட்டினோம். காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பதினோராம் நாள் அவர் குறியைப் படித்துவிட்டுப் பட்டனை விட்டேன். கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு ஒரு மெல்லிய குரல், ஒவ்வோர் எழுத்தாக, தன் குறியைச் சொன்னது.