பரீட்சை வாசலில் நிற்கும் நாங்கள்



பரீட்சைப் பயத்தைப் பற்றிப் பேசும்படி கேட்டார்கள். நான் இருபத்தாறு வருடம் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பித்தவள். பிள்ளைகளின் பயத்துக்கு முன் என்னுடைய அவசரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

உயிரியலில் முதலாம் வினாத்தாள் 50 பல்தேர்வு வினாக்கள். அந்த வருடம் இரண்டாம் வினாத்தாள் வேறொரு நாளில் இருந்தது. முதலாவது முடிந்து பிள்ளைகள் வெளியே வர, நான் கேற்றடியில் நின்று, "இதுக்கு என்ன விடை போட்டனீங்கள்?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். வகுப்பில் முதலாவதாக வருகிற பிள்ளை விரல்விட்டு எண்ணினாள். ஏழு பிழை. முகம் கறுத்துப் போனது. இரண்டாம் வினாத்தாளுக்கு அவள் வரவில்லை. விடியும்வரை சத்தி எடுத்தாளென்று தாய் வந்து சொன்னா. ஏழு பிழையென்றால் 43 சரி! அதைச் சொல்ல எனக்கு அந்த இடத்தில் வாய் வரவில்லை. அடுத்த முறை எழுதிச் சித்தியடைந்தாள். ஆனால் அவள் இழந்த அந்த வருடம் என் கணக்கில்தான் இருக்கிறது.

அதன்பிறகு கேற்றடியில் நான் பணிசும் தண்ணீரும் மட்டுமே கொடுத்தேன். விடை கதைப்பதென்றால் கடைசி வினாத்தாளுக்குப் பிறகு.

2011 இல் ஜெராடோ ரமிரெஸ், சியான் பைலொக் என்ற ஆய்வாளர்கள் 'சயன்ஸ்' சஞ்சிகையில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பரீட்சைக்குச் சற்று முன் 10 நிமிடம் தங்கள் பயங்களைத் தாளில் எழுதிய மாணவர்கள், குறிப்பாக வழமையாகப் பதறுபவர்கள், கூடிய புள்ளி பெற்றார்கள். மனம் ஒரே நேரத்தில் கொஞ்சத்தைத்தான் பிடித்து வைத்திருக்கும். அந்த இடத்தைப் பயம் பிடித்துக்கொண்டால் விடை எங்கே நிற்பது? மாதிரிப் பரீட்சைகளுக்கு முன் நானும் எழுத வைத்தேன். எழுதியதை எனக்குக் காட்டாமல் கிழித்துப் போடச் சொன்னேன். ஒருத்தி மட்டும் கொண்டுவந்து காட்டினாள். "ரியூசன் காசுக்காக அம்மாவின்ர சங்கிலி அடகில இருக்கு." மூச்சை ஆழமாக இழுத்துவிடு என்று சொல்லி ஆற்றுகிற பயமா அது?

வெளிநாடுகளில் இருக்கும் சகோதரிகளே, பரீட்சைக் காலத்தில் வீட்டுக்குத் தொலைபேசி எடுப்பீர்கள். பெறாமகளிடம் "மெடிசின் கிடைக்குமோ?" என்று கேட்காதேயுங்கோ. சாப்பிட்டியா என்று கேளுங்கோ. போதும். சங்கம் வருடாவருடம் கொடுக்கும் கேடயங்களில் இரண்டைக் குறைத்தால், அப்படி அடகு வைக்கிற ஒரு வீட்டுக்கு, பெயர் வெளியில் வராமல் உதவலாம். செயலாளரிடம் இதைப் பற்றிக் கதைத்திருக்கிறேன். கூட்டம் முடிய அவரை ஒருக்கால் சந்தியுங்கோ.