மாதிரி விமானத்தின் உயிர் நான்கு பேட்டரியில்

(தொலைக்காட்சி அரங்கில் வழங்கப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் போகும் பழைய சாலையில் இருக்கிறது மம்பாவ். சுற்றுவட்டாரத்தில் முன்பு ரப்பர், பிறகு செம்பனை, இப்போது பல இடங்களில் வீடமைப்புப் பகுதிகள். பட்டம் விட்டு வளர்ந்த பிள்ளை அங்கே கையில் ரிமோட்டைப் பிடித்து மாதிரி விமானம் விட ஆசைப்பட்டால் அதில் வியப்பில்லை. நடிகர் அஜித்குமாருக்கு இந்தக் கலையில் உள்ள ஈடுபாடு ரசிகர்கள் அறிந்ததே. சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி. மாணவர்களின் 'தக்‌ஷா' குழுவுக்கு 2018-இல் அவர் ஆலோசகராக இருந்தார். அந்தக் குழு அவ்வாண்டு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது. அந்தச் செய்தியைப் படித்துவிட்டுக் கடைக்குப் போகும் இளைஞர் எஞ்சினைக் கேட்பார், இறக்கையின் நீளத்தைக் கேட்பார், ரிமோட்டில் எத்தனை சேனல் என்று கேட்பார். ரிசீவருக்கு என்ன பேட்டரி என்பதைக் கடைசியில்தான் கேட்பார். சிலர் கேட்பதே இல்லை. கடைக்காரர் கையில் கிடைப்பதை எடுத்துப் போட்டு அனுப்பிவிடுவார்.

மின்மோட்டாரில் பறக்கும் சிறிய விமானத்தில் பெரிய பேட்டரியே ரிசீவருக்கும் மின்சாரம் கொடுத்துவிடும். எண்ணெய் எஞ்சின் விமானத்தில் அப்படி இல்லை. ரிசீவருக்கும், இறக்கையையும் வாலையும் அசைக்கும் சர்வோக்களுக்கும் தனிப் பேட்டரி வேண்டும். எஞ்சின் நின்றுபோனால் பெரிய ஆபத்தில்லை. விமானம் சறுக்கிக்கொண்டே இறங்கும், ஓட்டுபவர் திடலில் தரையிறக்கலாம். ரிசீவர் பேட்டரி செத்தால் கதை வேறு. எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும், பிடிப்பதற்கு யாரும் இல்லை. மூன்று நான்கு கிலோ எடை, முன்னால் சுழலும் புரொப்பெல்லர், அருகில் குடியிருப்பு. "ஃபெயில்சேஃப் இருக்கிறதே, சமிக்ஞை போனால் எஞ்சினைத் தானே குறைத்துவிடுமே" என்று சிலர் சொல்வார்கள். அந்த ஃபெயில்சேஃபும் இதே பேட்டரியில்தான் வேலை செய்கிறது!

பேட்டரி வாங்குவோர் பெரும்பாலும் ஒரே எண்ணைத்தான் பார்க்கிறார்கள். உறையில் 2,000 மில்லி ஆம்பியர் மணி என்றிருந்தால் நல்லது, 2,700 என்றிருந்தால் அதைவிட நல்லது என்று நினைக்கிறார்கள். அந்த எண் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைச் சொல்கிறது. குழாய் எவ்வளவு அகலம் என்பதைச் சொல்வதில்லை. விமானம் கீழே விழுவதற்குப் பெரும்பாலும் குழாய்தான் காரணம்.

ஒரு கணக்கு பார்க்கலாம். நான்கு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்கள், மொத்தம் 4.8 வோல்ட். செல்களின் உள்தடை, சுவிட்ச், கம்பி, பிளக் எல்லாம் சேர்ந்து 0.2 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விமானத்தை வேகமாகத் திருப்பும்போது நான்கைந்து டிஜிட்டல் சர்வோக்கள் ஒரே நொடியில் 5 ஆம்பியர் இழுக்கின்றன. 0.2-ஐ 5-ஆல் பெருக்கினால் 1 வோல்ட் வழியிலேயே போய்விடுகிறது. ரிசீவருக்குக் கிடைப்பது 3.8. பேட்டரி பழையதாகி, பிளக்கிலும் அழுக்கு சேர்ந்து, தடை 0.4 ஓம் ஆகிவிட்டால் மிஞ்சுவது 2.8 வோல்ட். உறையில் 2,700 என்று எழுதியிருந்தாலும் கணக்கு மாறாது.

இதைப் பழைய காலத்து ஓட்டுநர்கள் அவ்வளவு உணர்ந்ததில்லை. எஃப்.எம். ரிசீவரில் மின்னழுத்தம் ஒரு கணம் இறங்கினால் சர்வோ ஒருமுறை துடிக்கும், பிறகு சரியாகிவிடும். 2005, 2006 வாக்கில் 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் பரவின. அவற்றின் ரிசீவருக்குள் ஒரு சிறிய கணினி இருக்கிறது. அழுத்தம் ஓர் எல்லைக்குக் கீழே போனால், பல ரிசீவர்களில் அது மூன்று மூன்றரை வோல்ட், கணினி அணைந்து மறுபடி தொடங்கும். தொடக்க காலக் கருவிகள் சில மீண்டும் ரிமோட்டைக் கண்டுபிடிக்கச் சில விநாடிகள் எடுத்தன. வானத்தில் சில விநாடி என்பது மிக நீளம். பின்னால் வந்தவை விரைவாக இணைந்துகொள்கின்றன என்றாலும், அணையவே விடாமல் பார்ப்பதுதான் முறை. பலர் சமிக்ஞைக் கோளாறு என்று பழி சொன்ன விபத்துகளில் ஒரு பங்கு இந்த அழுத்த இறக்கத்தால் வந்தவை.

ஆகவே எண்ணெய் எஞ்சின் விமானத்துக்கு நான்கு செல்லை விட ஐந்து செல், அதாவது 6 வோல்ட், நல்ல தேர்வு. இழப்பு 1 வோல்ட் ஆனாலும் 5 மிஞ்சும். ஒரு செல் கூடினால் ஏறக்குறைய 30 கிராம் கூடும். அதற்காகத் தயங்கத் தேவையில்லை. 2003 ஆகஸ்டில் அமெரிக்கர் மேனார்ட் ஹில் குழுவினரின் மாதிரி விமானம் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து அயர்லாந்து வரை அட்லாண்டிக் கடலைக் கடந்தது. ஏறக்குறைய 39 மணி நேரம், 3,000 கிலோமீட்டருக்கு மேல், மொத்த எடை 5 கிலோவுக்குள்! அவர்கள் ஒவ்வொரு கிராமையும் எண்ணியிருப்பார்கள். மம்பாவ் திடலில் கால் மணி நேரம் பறப்பவருக்கு அந்தக் கஷ்டம் இல்லை. மூக்குப் பகுதி எடை குறைவாக இருந்தால் ஈயத்தை ஒட்டுவதற்குப் பதில் பேட்டரியை முன்னால் நகர்த்தலாம். பஞ்சு சுற்றி வைக்க வேண்டும். எஞ்சின் அதிர்வில் செல் இணைப்புகள் விட்டுப்போகும்.

வகைகளைப் பற்றி. நிக்கல் காட்மியம் நிறைய அடி தாங்கியது. நச்சு உலோகம் என்பதால் ஐரோப்பாவில் 2008 முதல் பெரும்பாலான சாதாரணப் பயன்பாடுகளில் தடை வந்தது. நிக்கல் மெட்டல் ஹைட்ரைடில் ஒரு குறை, சும்மா வைத்தாலே கரைந்துபோகும். நமது வெயிலில் இன்னும் வேகமாகக் கரையும். போன ஞாயிறு சார்ஜ் செய்ததை இந்த ஞாயிறு அப்படியே மாட்டிப் பறக்கவிடுவது சூதாட்டம். 2005-இல் சான்யோ 'எனலூப்' வகையை வெளியிட்ட பிறகு மெதுவாகக் கரையும் செல்கள் கிடைக்கின்றன. வாரம் ஒருமுறை மட்டும் பறப்பவருக்கு அதுவே ஏற்றது, அளவு 2,000 என்றாலும் சரி.

லித்தியம் பாலிமர் இரண்டு செல், நிறைந்த நிலையில் 8.4 வோல்ட். 6 வோல்ட்டுக்கென்று செய்த சர்வோவில் நேராக மாட்டினால் சர்வோ கருகும். இடையில் ரெகுலேட்டர் வேண்டும். அது பழுதாகக்கூடிய இன்னொரு பொருள். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை 6.6 வோல்ட்தான், பாதுகாப்பானது, பலர் ரெகுலேட்டர் இல்லாமலே பயன்படுத்துகிறார்கள். ஆனாலும் சர்வோவின் வோல்ட் அளவைப் படித்துப் பார்த்த பிறகே மாட்ட வேண்டும். இதில் ஒரு பொறி உண்டு. முக்கால்வாசி தீர்ந்த பிறகும் இதன் வோல்ட் அசையாமல் நிற்கும், பிறகு திடீரென்று விழும். மீட்டரை நம்ப முடியாது. ஒவ்வொரு முறையும் சார்ஜர் திருப்பிப் போட்ட அளவை எழுதி வைக்க வேண்டும். எந்த லித்தியமானாலும் விமானத்துக்குள் வைத்தே சார்ஜ் செய்வதும், வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டு வருவதும் கூடாது.

எழுதி வைப்பது எல்லா வகைக்கும் நல்லது. பத்துப் பத்து நிமிடமாக மூன்று முறை பறந்த பிறகு சார்ஜர் 420 போட்டது என்றால், ஒரு தடவைக்கு 140. 2,000 பேட்டரியில் 60 விழுக்காட்டை, அதாவது 1,200-ஐ மட்டும் செலவழிப்பதாக முடிவு செய்தால் எட்டுப் பறத்தல். ஒன்பதாவதுக்கு ஆசைப்படக் கூடாது. சாதாரண சார்ஜரில் இந்த 2,000-க்கு 200 மில்லி ஆம்பியரில் 14 முதல் 16 மணி நேரம் ஆகும். முதல் நாள் மாலையே தொடங்க வேண்டும்.

திடலில் சோதிக்க வெறும் மீட்டர் போதாது. சும்மா இருக்கும்போது சாகக் கிடக்கும் பேட்டரியும் நல்ல எண்ணைக் காட்டும். 1 ஆம்பியர் சுமை கொடுத்துப் பார்க்கும் மீட்டர் வேண்டும். நிக்கல் செல் ஒன்றுக்கு 1.2 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அன்று பறக்கவிடாதீர்கள். சுவிட்சும் பிளக்கும் மலிவான பொருட்கள், ஆனால் விலை உயர்ந்த பேட்டரியையும் அவை முடக்கிவிடும். பெரிய விமானம் என்றால் இரண்டு பேட்டரி, இரண்டு சுவிட்ச், இரண்டு தனித்தனிக் கம்பி. ஒன்று போனாலும் மற்றது இறக்கிக் கொண்டுவரும்.

வருடத்தில் ஓரிரு முறை பேட்டரியை முழுவதுமாக இறக்கி ஏற்றும் சார்ஜரில் போட்டு அளந்து பாருங்கள். எழுதிய அளவில் 80 விழுக்காடு கூடத் தராவிட்டால் அதற்கு வானத்தில் வேலை முடிந்தது. தூக்கி எறிய வேண்டாம்; வீட்டு மேசையில் சர்வோக்களைச் சோதித்துப் பார்க்க இன்னும் சில காலம் உதவும். மறந்து விமானத்துக்குள் மாட்டிவிடாதபடி அதன் மேல் சிவப்புப் பட்டை ஒன்றைச் சுற்றி வையுங்கள்.