தோட்டக்கலை படித்தால் என்ன வேலை?

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரை)



நான் படித்தது வேளாண் பொறியியல். தோட்டக்கலையைப் பற்றிப் பேச இவன் யார் என்று சிலர் நினைக்கலாம். நம் கோவை வளாகத்தில் இரண்டு படிப்பும் அக்கம்பக்கம்தானே! வேலைக்குப் போன நாள் முதல், தோட்டக்கலை படித்தவர்கள் துணையில்லாமல் என் பிழைப்பு ஓடியதில்லை. அந்த உரிமையில் பேசுகிறேன்.

காலையில் ஒரு தம்பி கேட்டார்: "சார், மெடிக்கல் கிடைக்கலை, இதுல சேர்ந்தேன். மம்பட்டி பிடிக்கவா நாலு வருஷம்னு வீட்ல கேக்கறாங்க. என்ன சொல்றது?"

தம்பி, வீட்டில் இதைச் சொல்லுங்கள். குளிர்பதனக் கிடங்கு கட்டுவது என்னைப் போன்றவன் வேலை. சுவர், எந்திரம், மின்சாரம் எல்லாம் கணக்குப் போட்டுத் தந்துவிடுவேன். உள்ளே எத்தனை டிகிரி வைப்பது? ஆப்பிளுக்கு 0 டிகிரியை ஒட்டி வைக்கலாம். அதே அறையில் வாழைத்தாரை வைத்தால் தோல் கறுத்துப்போகும், காயும் சரியாகப் பழுக்காது. வாழைக்குச் சுமார் 13 டிகிரி வேண்டும். பறித்த பிறகும் காய் மூச்சு விடுகிறது. அதன் குணம் தெரிந்த ஆள் இல்லாவிட்டால் சரக்கு மொத்தமும் குப்பைக்குத்தான்.

சொட்டுநீரும் அப்படியே. தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம் மானியம் உண்டு. குழாயின் விட்டமும் அழுத்தமும் என் பொறுப்பு. பூ எடுக்கும்போது எவ்வளவு தண்ணீர், எந்த உரம் என்று சொல்ல நீங்கள் வேண்டும்.

இனி வேலைகளைப் பார்ப்போம். 1979-இல் தோட்டக்கலை தனித் துறையானது. பட்டம் பெற்றவர்கள் தோட்டக்கலை அலுவலர், இரண்டாண்டுப் பட்டயம் பெற்றவர்கள் உதவித் தோட்டக்கலை அலுவலர் பதவிகளுக்குத் தேர்வாணையத் தேர்வு எழுதலாம். வங்கிகளில் விவசாய அலுவலர் பணிக்கும் இந்தப் பட்டம் செல்லும். ஆராய்ச்சியில் ஆசை இருந்தால் மேற்படிப்பு படியுங்கள். வாழைக்கென்றே திருச்சியில் 1993 முதல் தேசிய ஆராய்ச்சி மையம் இருக்கிறது.

ஆனால் அரசு அறிவிப்பு வருடந்தோறும் வராது. அதை நம்பி வீட்டில் உட்கார்ந்தால் வயதுதான் ஏறும். தேர்வுக்குப் படித்துக்கொண்டே வேலையும் பாருங்கள். ஓசூர்ப் பக்கம் பசுமைக்குடிலில் ரோஜா வளர்க்கிறார்கள். கிருஷ்ணகிரியில் மாம்பழக்கூழ் ஆலைகள் இருக்கின்றன. திசு வளர்ப்பு வாழைக்கன்று உற்பத்தி, சொட்டுநீர் நிறுவனங்கள், விதை நிறுவனங்கள் என்று பல இடங்களில் ஆள் தேவை. ஆரம்பச் சம்பளம் குறைவாக இருக்கலாம், வெயிலிலும் அலைய வேண்டிவரும். அதையும் மறைக்காமல் சொல்கிறேன். சொந்தமாகச் செய்ய நினைப்பவர்கள் குழித்தட்டில் தக்காளி, மிளகாய் நாற்று விட்டுச் சிறிய அளவில் நாற்றுப்பண்ணை தொடங்கலாம்.

மாணவர்களுக்கு இரண்டு வேண்டுகோள். படிப்பு முடிவதற்குள் ஒட்டுக் கட்டக் கை பழகிவிடுங்கள். செய்முறை மதிப்பெண்ணுக்காக ஒருநாள் கட்டினால் போதாது. விடுமுறையில் ஒட்டன்சத்திரம் போன்ற சந்தைக்குப் போய், விளைந்த காய் என்ன விலைக்குப் போகிறது, கழிவு எவ்வளவு என்று நேரில் பாருங்கள்.

முன்னாள் மாணவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். நாம் ஒவ்வொருவரும் வருடத்துக்கு ஒரு மாணவரையாவது நம் பண்ணையிலோ நிறுவனத்திலோ ஒரு மாதம் சேர்த்து வேலை கற்றுக்கொடுப்போம். வீட்டில் கேட்கிற கேள்விக்கு அந்தத் தம்பி அப்போது தன் வாயாலேயே பதில் சொல்லிவிடுவார்.