கைநழுவிய முடி

அரச குடும்பங்களின் வரலாற்றை உரைப்போர் அரியணை ஏறியவர்களையே பெரிதும் பேசுவர். அரியணைக்கு மிக அருகில் நின்றும் அதனைப் பெறாது சென்றவர்களை நினைப்போர் சிலரே. அத்தகைய ஒருவரின் வாழ்வை இன்று எடுத்துக்கொள்கின்றேன். அவர் டென்மார்க் நாட்டு இளவரசர் குனூத்.

குனூத் 1900ஆம் ஆண்டு யூலை 27ஆம் நாள், கொப்பன்ஹேகன் நகருக்கு வடக்கேயுள்ள சோர்கன்பிரி மாளிகையிற் பிறந்தார். 'கவலையற்றது' என்பது அம்மாளிகைப் பெயரின் பொருள். தந்தையார், பின்னாளில் அரசராகிய பத்தாம் கிறிஸ்தியன், தாயார் அலெக்சாண்டிரீன். தமையனார் பிரெடறிக் பதினாறு மாதங்களே மூத்தவர். சகோதரர் இருவரும் கடற்படையிற் பயின்று அதிகாரிகளாயினர். 1933இல் குனூத், தம் சிறிய தந்தையாரின் மகளாகிய கரோலின் மதில்டேயை மணந்தார். நம்மவர் முறைப்படி அவர் தங்கையாவார்; ஐரோப்பிய அரச குடும்பங்களிலோ இத்தகைய மணங்கள் புதியனவல்ல. இவர்களுக்கு 1935இல் எலிசபெத், 1940இல் இங்கோல்ப், 1942இல் கிறிஸ்தியன் என மூன்று மக்கள் பிறந்தனர்.

தமையனார் பிரெடறிக்குக்கும் மக்கள் மூவரே. ஆயின் மூவரும் பெண்கள். மூத்தவராகிய மார்கிறேதே, இங்கோல்ப் பிறந்த இரண்டு திங்களின் பின், 1940 ஏப்பிரல் 16ஆம் நாள் பிறந்தார். செர்மானியப் படைகள் நாட்டினுட் புகுந்து அப்பொழுது ஒரு வாரமே கழிந்திருந்தது.

டென்மார்க்கில் 1853ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களுக்கு அரசுரிமையை முற்றாக மறுத்திருந்தது. ஆகவே, 1947இல் பத்தாம் கிறிஸ்தியன் மறைந்து, தமையனார் ஒன்பதாம் பிரெடறிக் என அரசரானபொழுது, அடுத்த உரிமையாளர் தம்பி குனூத்தே. அவருக்குப் பின் இங்கோல்ப். சட்டமும் வழக்கமும் அவ்வாறே கூறின. குடும்பமும் அவ்வாறே எதிர்பார்த்தது.

இந்நிலை மாறியது எவ்வாறு? இங்குதான் வரலாறு சுவையுடையதாகின்றது. டென்மார்க்கின் அரசியலமைப்பைத் திருத்துவதாயின், சர்வசன வாக்கெடுப்பில் நாட்டின் வாக்காளர் அனைவருள்ளும் நூற்றுக்கு 45 பேராவது ஆதரித்தல் வேண்டுமென்பது அன்றைய விதி. வாக்களிக்க வராதவர் எதிர்த்தவரை ஒத்தவராவர். 1939இல் ஒரு திருத்தம் கொணரப்பட்டது. வாக்களித்தோருள் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேற்பட்டோர் ஆதரித்தும், முழு வாக்காளரைக் கொண்டு கணக்கிடுகையில் அது 44.5 வீதமே ஆயிற்று. திருத்தம் தோற்றது.

போருக்குப் பின் மீண்டும் முயன்றனர். பாராளுமன்றத்தின் மேற்சபையை நீக்குதல், கிறீன்லாந்தை இராச்சியத்தின் ஒரு பகுதியாக்குதல் முதலியன புதிய திட்டத்தில் இடம்பெற்றன. இவை முக்கியமானவையே, ஆயினும் உழவரையும் தொழிலாளரையும் வீட்டிலிருந்து வாக்குச் சாவடிக்கு இழுக்கவல்லவை அல்ல. அரசரின் மூத்த மகளோ அப்பொழுது பதின்மூன்று வயதுச் சிறுமி. மக்களின் அன்பைப் பெற்றவர். அவருக்கு அரசுரிமை அளிக்கும் ஏற்பாடும் உடன் சேர்ந்தது. 1953 மே 28ஆம் நாள் மக்கள் வாக்களித்தனர். கிடைத்தது 45.8 வீதம். நூலிழையில் வென்ற அவ்வெற்றிக்கு அச்சிறுமியின்பாற் கொண்ட அன்பும் ஒரு காரணம் என்பர். யூன் 5ஆம் நாள் புதிய அரசியலமைப்பு கையொப்பமாயிற்று.

குனூத் ஒரே நாளில் முதலிடத்திலிருந்து நான்காம் இடத்துக்கு இறங்கினார். அவர் செய்த குற்றம் யாது? யாதொன்றுமில்லை. பரதன் தமையனுக்காக முடியைத் தானே மறுத்தான், அது தியாகம். குனூத்தின் முடியோ பிறரால் எடுக்கப்பட்டது. அதனைத் தியாகமென்று கூற இயலாது. அவருக்கு வாழ்நாள் முழுதும் 'உரிமை இளவரசர்' என்னும் பொருளுடைய பட்டம் வழங்கப்பட்டது. உரிமை போனபின் வந்த அப்பெயர் அவர் செவிக்கு எவ்வாறு ஒலித்திருக்கும்! இரு குடும்பங்களுக்குமிடையே மனக்கசப்பு நிலவியது உண்மை. எனினும் அவர் பெயரால் நாட்டில் ஒரு கட்சி எழவில்லை, கலகம் விளையவில்லை. சோர்கன்பிரி மாளிகையிலேயே வாழ்ந்திருந்தார். 1972 சனவரி 14ஆம் நாள் தமையனார் மறைய, தம் அண்ணன் மகள் அரசியாவதைக் கண்டார். 1976 யூன் 14ஆம் நாள் காலமானார்.

அவர் மக்களின் கதையில் மற்றுமொரு திருப்பம் உண்டு. இங்கோல்ப் 1968இலும் கிறிஸ்தியன் 1971இலும் அரச குலத்தவரல்லாத பெண்களை மணந்து, இளவரசர் பட்டத்தையும் அரசுரிமையையும் நீத்து, ரோசன்போர்க் பிரபுக்கள் ஆயினர். மூத்த பிள்ளையாகிய எலிசபெத்தோ மணம் புரியாது, வெளிநாட்டமைச்சில் நெடுங்காலம் பணியாற்றி, 2018இல் மறையும்வரை அரசுரிமை வரிசையில் நிலைத்திருந்தார். பழைய சட்டப்படி பெண்ணாகிய அவருக்கு அவ்வரிசையில் இடமே இல்லை. தந்தையிடமிருந்து முடியைப் பறித்த அதே 1953ஆம் ஆண்டுச் சட்டமே மகளுக்கு உரிமை தந்தது!

அச்சட்டமும் குறையற்றதன்று. ஆண்மகன் இருப்பின் அவனுக்கே முதலிடம் என்றது. ஆதலின் எலிசபெத் தம் இளைய சகோதரர்க்குப் பின்னரே வைக்கப்பட்டார். அக்குறையும் 2009ஆம் ஆண்டு வாக்கெடுப்பால் நீங்கியது. இன்று அங்கே முதற் பிள்ளை, ஆணாயினும் பெண்ணாயினும், முதல் உரிமை பெறும். மார்கிறேதே ஐம்பத்திரண்டு ஆண்டுகள் சிறப்புற அரசியாயிருந்து, 2024 சனவரி 14ஆம் நாள் தாமே பதவி துறந்து மகனுக்கு வழிவிட்டார்.

நேயர்களே, 1953ஆம் ஆண்டுச் சட்டம் நீதியானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் நீதியான சட்டங்களுக்கும் யாரோ ஒருவர் விலை கொடுக்கின்றார். அநீதியான பழைய ஏற்பாட்டை நம்பியிருந்தவர் யாவரும் அநீதி புரிந்தவர் அல்லர். சட்டத்தைத் திருத்துவோர் அவர்களையும் மறவாதிருத்தல் வேண்டும். இழந்தவர், தம் இழப்பினால் நாட்டைப் பிளவுபடுத்தாது வாழ்தலும் ஒரு பெருமையே. அரசராகாத குனூத்துக்கு வரலாற்றில் ஓர் இடம் உண்டெனின், அஃது அப்பெருமையினாற் கிடைத்ததேயாகும்.