கரண்ட்டா, தண்ணியா? டேட்டா சென்டரோட கூலிங் கணக்கு

சிறுசேரி, அம்பத்தூர் பக்கம் நிறைய டேட்டா சென்டர் இருக்கு. உள்ள சர்வர் இழுக்கிற கரண்ட் கிட்டத்தட்ட மொத்தமும் கடைசியில சூடாத்தான் மாறுது. அந்தச் சூட்டை வெளியேத்தவும் கரண்ட் வேணும்.

இதை அளக்க பி.யு.இ.ன்னு ஒரு கணக்கு இருக்கு. மொத்த இடமும் இழுக்கிற மின்சாரத்தை, சர்வர் இழுக்கிறதால வகுக்கணும். 1.5 வந்தா, சர்வருக்கு 100 யூனிட், மத்ததுக்கு 50 யூனிட். அந்த 50-ல பெரும்பங்கு கூலிங்குக்குத்தான்.

ஃபின்லாந்தோட ஹமினாவுல, பழைய பேப்பர் மில்லுல கூகுள் 2011-லேர்ந்து டேட்டா சென்டர் நடத்துது. கூலிங்குக்குக் குளிர்ந்த கடல் தண்ணி. நம்ம வங்கக்கடல் வெதுவெதுன்னு இருக்கும், இங்க அது எடுபடாது.

சரி, மண்பானை மாதிரி தண்ணியை ஆவியாக்கிக் குளிர வைக்கலாமே? வைக்கலாம், கரண்ட் மிச்சமாகும். ஆனா ரெண்டு சிக்கல். சென்னைப் புழுக்கத்துல நம்ம வேர்வையே காயாது, பானை மட்டும் எப்படி வேலை செய்யும்? அடுத்தது தண்ணிக் கணக்கு. ஒரு லிட்டர் ஆவியானா சுமார் 0.67 யூனிட் சூடு போகும். ஒரு மெகாவாட் சூட்டை இப்படியே வெளியேத்தணும்னா நாளுக்கு ஏறக்குறைய 36,000 லிட்டர் வேணும். அதாவது, மூணு பெரிய தண்ணி லாரி! 2019 கோடையில தண்ணி இல்லாம சில ஐடி கம்பெனிகளே வீட்லேர்ந்து வேலை பாருங்கன்னு சொன்ன ஊர் இது.

அப்போ என்ன வழி? முதல்ல, சூடான காத்தும் குளிர்ந்த காத்தும் கலக்காம தடுப்பு போடணும். செலவு கம்மி, பலன் அதிகம். ரெண்டாவது, ஸ்வெட்டர் போடுற அளவுக்கு ஏசி தேவையே இல்ல. 27 டிகிரி வரைக்கும் சர்வர் தாங்கும்னு ஆஷ்ரே வழிகாட்டுதலே சொல்லுது. நம்மளை மாதிரியே புழுக்கமான சிங்கப்பூர், 2023-ல 26 டிகிரிக்கும் மேல இயக்கறதுக்குத் தனி தரநிலையே கொண்டு வந்துச்சு. மூணாவது, ஏஐ சிப்புகளுக்கு நேரா சிப் மேலயே குழாய் வெச்சு திரவத்தைச் சுத்த விடறது. அந்தத் திரவம் வெதுவெதுப்பா இருந்தாலே போதும், சில்லர் வேலை குறையும். ஆவியாக்கித்தான் ஆகணும்னா, கோயம்பேட்டுல சுத்திகரிச்சு தொழிற்பேட்டைகளுக்கு அனுப்பற கழிவுநீர் மாதிரி தண்ணியைப் பயன்படுத்தட்டும்.

யாராவது "எங்க பி.யு.இ. ரொம்பக் கம்மி"ன்னு பெருமையா சொன்னா, உடனே அடுத்த கேள்வி கேளுங்க: ஒரு யூனிட்டுக்கு எத்தனை லிட்டர் தண்ணி, அது எங்கேர்ந்து வருது? ரெண்டு பதிலும் சேர்ந்தாதான் முழுக் கணக்கு. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.