மூலப் பத்திரம் எங்கே?



இருக்கிற வீட்டை அடமானம் வைத்து இன்னொரு வீடு வாங்குவது விவேகமா, விபரீதமா? விபரீதமே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய நண்பர், "சொந்த வீடு தூங்குகிற பணம், அதை எழுப்புங்கள்" என்றார். ஐயா, வீடு தூங்குறதுனாலதான் நாம அதுக்குள்ள நிம்மதியா தூங்குறோம்! (சிரிப்பு)

கணக்குப் போடுவோம். 20 லட்சம் அடமானக் கடன், 10 சதவீத வட்டி, 15 ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத் தவணை சுமார் 21,500 ரூபாய். கட்டி முடிக்கும்போது கிட்டத்தட்ட 38 லட்சத்து 70 ஆயிரம். அந்தப் பணத்தில் வாங்கிய வீட்டுக்கு வாடகை 8,000 வருதுன்னு வைங்க. மீதி 13,500? சம்பளத்தில்தான் கை வைக்கணும். குடியிருப்பவர் காலி செய்துவிட்டால் 21,500-ம் சம்பளத்திலிருந்துதான்! "விலை ஏறுமே" என்பார் நண்பர். ஏறட்டும். விற்றால்தானே அது காசு? வங்கி மாசா மாசம் கேக்குதே! (கைதட்டல்)

நானும் ஒருமுறை ஆசைப்பட்டேன். விண்ணப்பத்தோடு வந்து, "மூலப் பத்திரம் எங்கே?" என்று கேட்டேன். பீரோ சாவியைக் கையில் வைத்துக்கொண்டு என் மனைவி கேட்டாள்: "வாங்கப்போற வீடு நஷ்டமானா, எந்த வீடு போகும்?" முனைவர் பட்டம் வாங்கியவன் நான். பதில் தெரியும், வாய்தான் வரவில்லை. (பலத்த சிரிப்பு)

தோற்பது இரண்டாவது வீடு. போவது முதல் வீடு! 2002ஆம் ஆண்டு சர்ஃபாசி சட்டப்படி, கடன் வாராக்கடன் ஆகிவிட்டால் வங்கி 60 நாள் கெடு வைத்து நோட்டீஸ் அனுப்பலாம். அதற்குள் கட்டாவிட்டால், கோர்ட்டில் வழக்குப் போடாமலேயே வீட்டை எடுத்து ஏலம் விடலாம். சுத்தமாக இருந்த வில்லங்கச் சான்றிதழில், காசு கொடுத்து நாமே வில்லங்கத்தை எழுதிக்கொள்வதா? (கைதட்டல்)

வரப்போகும் லாபத்தை நினைத்து, கையில் இருக்கும் முதலை இழக்கிற காரியத்தில் அறிவுடையவர் இறங்க மாட்டார் என்று 'தெரிந்து செயல்வகை' அதிகாரத்தில் வள்ளுவரே எச்சரிக்கிறார்.

இன்னொரு வீடு வாங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முன்பணத்தைச் சேர்த்து வாங்குங்கள். கடன் வேண்டுமா? வாங்குகிற வீட்டையே ஈடு வையுங்கள். ஓராண்டு வாடகையே வராவிட்டாலும் தவணை கட்ட முடியுமா என்று பாருங்கள். ஆனால், பிள்ளைகள் தூங்குகிற வீட்டைப் பந்தயத்தில் வைக்காதீர்கள்!

ஆகவே நடுவர் அவர்களே, விபரீதமே என்று தீர்ப்பு வழங்குங்கள்.